வீட்டுப் பட்டறையில் டிரில் பிட்டுகளை வகைபிரித்து வைக்கும் முறை

திரைச்சீலைக் கம்பி மாட்டுவதற்காகச் சுவரில் நான்கு துளைகள் போட வேண்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். துளை போடும் வேலை பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். அதற்கு வேண்டிய 6 மி.மீ. பிட்டை, அதாவது டிரில் மெஷினில் மாட்டித் துளைக்கும் முனைக்கம்பியை, தேடி எடுப்பதற்குள் அரை மணி நேரம் போய்விடும். அகப்பட்ட பிட் சுவருக்குரியதா, இரும்புக்குரியதா என்று தெரியாமல், அவசரத்தில் அதையே மாட்டிக் கான்கிரீட்டில் அழுத்தினால், முனை சூடேறி மழுங்கி, அந்தப் பிட் அன்றோடு எதற்கும் உதவாமல் போகும். புதிதாக டிரில் மெஷின் வாங்கியவர்கள் பிட்டுகளுக்கு மேன்மேலும் செலவழிப்பதற்கு, மட்டமான பிட்டுகளை வாங்குவதைவிட, வாங்கியவற்றைக் கலந்து வைப்பதே பெரிய காரணம் என்பது என் எண்ணம்.

ஒரு டிரில் மெஷினும் முப்பது முதல் அறுபது பிட்டுகளும் வைத்திருக்கும் ஒருவர், ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குள் அவற்றை ஒழுங்குபடுத்தி முடிக்கும் அளவுக்கு இந்த வழிமுறையை எழுதியிருக்கிறேன். சென்னையில் கடற்கரைக்கு அருகே ஒரு வீட்டின் கீழ்த்தளத்தில், தண்ணீர் மோட்டார் இருக்கும் சிறு அறையையே நான் பட்டறையாக வைத்திருக்கிறேன். ஆகையால் துருவைப் பற்றி இங்கே சற்று அதிகமாகவே பேச நேரும்.

எந்தப் பெட்டியை வாங்குவது என்பதை இப்போதைக்கு விட்டுவிடலாம். நாம் அடைய விரும்பும் நிலை இதுதான்: ஒவ்வொரு பிட்டுக்கும் அதற்கென்று ஒரு குழி இருக்க வேண்டும், ஒரு குழி காலியாக இருந்தால், எந்த வகையில் எந்த அளவு வெளியே போயிருக்கிறது என்பது பார்த்த கணத்திலேயே தெரிய வேண்டும். பிட்டுகளை மொத்தமாகப் போட்டு மூடும் எந்த டப்பாவும், எவ்வளவு அழகாக இருந்தாலும், இந்த வேலையைச் செய்யாது.

கொட்டிப் பிரித்தல்

பழைய வெள்ளை வேட்டி ஒன்றைத் தரையில் விரித்து, வீட்டில் உள்ள எல்லாப் பிட்டுகளையும் அதில் கொட்டுங்கள். மேசை இழுப்பறையிலும், டிரில் மெஷினோடு வந்த பெட்டியிலும், மின்வேலைக்கு வந்தவர் விட்டுச்சென்ற பையிலும் கிடப்பவை யாவும் வந்துவிட வேண்டும். மெஷினில் பிட்டைப் பிடிக்கும் சக்கிலேயே ஒரு பிட் மாட்டியபடி இருக்கும்; அதையும் கழற்றுங்கள். பழைய பல் துலக்கும் பிரஷால் சுருள் பள்ளங்களில் உள்ள தூசியைத் தட்டி, மரப்பிசின் ஒட்டியிருந்தால் மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்துவிட்டு, அதன் பிறகே வகை பிரிக்க வேண்டும். அழுக்கோடு பார்த்தால் எல்லாப் பிட்டும் ஒரே ஜாதியாகத்தான் தெரியும்.

வகையைக் கண்டுபிடிக்க நிறத்தை நம்பாதீர்கள். தங்க நிறம் என்பது மேலே பூசிய பூச்சு மட்டுமே. அது எந்த வகைப் பிட்டின்மீதும் இருக்கலாம். பார்க்க வேண்டியது முனையை. முனையின் குறுக்கே தனியாக ஒரு சிறு தகடு பதித்து ஒட்டப்பட்டு, அது பிட்டின் உடலைவிடச் சற்றே அகலமாகவும் இருந்தால், அது சுவருக்குரியது; அந்தத் தகடு டங்ஸ்டன் கார்பைடு ஆகும். உடலும் முனையும் ஒரே உலோகமாக, முனை கூம்பாக, சுருளின் விளிம்பு விரலில் உறுத்தும் அளவுக்குக் கூர்மையாக இருந்தால், அது இரும்புக்குரிய எச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீடு ஸ்டீல் என்னும் எஃகு) பிட். இதைக் கொண்டு மரத்திலும் பிளாஸ்டிக்கிலும் தாராளமாகத் துளைக்கலாம். சுவரில் மட்டும் வைக்கக் கூடாது. கூம்புக்குப் பதிலாக நடுவில் ஒரு முள்ளும் இரு ஓரங்களிலும் சிறு கத்தி போன்ற கூர்களும் இருந்தால், அது மரத்துக்கென்றே செய்யப்பட்டது. ஈட்டியின் இலை போன்ற தட்டையான கார்பைடு முனை உடையது கண்ணாடிக்கும் டைல்ஸுக்கும் உரியது.

மெஷினுக்குள் போகும் பக்கமான தண்டையும் பாருங்கள். உருண்டையான தண்டு சாதாரண சக்குக்குரியது. 10 மி.மீ. தடிமனில், பக்கவாட்டில் நீளக் காடிகள் வெட்டப்பட்ட தண்டு இருந்தால், அது சுழன்றுகொண்டே சம்மட்டிபோல் அடித்துத் துளைக்கும் ரோட்டரி ஹேமர் மெஷினுக்குரிய எஸ்.டி.எஸ். பிளஸ் வகை; அது சாதாரண சக்கில் சரியாகப் பிடிபடாது. அறுகோணத் தண்டு உள்ளவை பெரும்பாலும் கால் அங்குலத் தண்டுகள். அவை ஸ்க்ரூ டிரைவர் மெஷினிலும் மாட்டும்.

அஞ்சறைப் பெட்டியில் கடுகும் வெந்தயமும் கலந்துவிட்டால் சமையலே நின்றுபோவது போலத்தான் இதுவும். ஆகவே முதலில் பொருளை வைத்துக் குவியல்களாகப் பிரியுங்கள்: சுவர், இரும்பு, மரம், கண்ணாடி, எஸ்.டி.எஸ். என்று. அளவு இரண்டாவதுதான். எல்லா 6 மி.மீ. பிட்டுகளையும் ஓரிடத்தில் வைப்பவர்கள், ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள், தவறான 6 மி.மீ. பிட்டை எடுத்துவிடுவார்கள்.

அளவு கண்டறிதல்

தண்டில் பொறித்திருந்த எண், சக்கின் பற்கள் பட்டுப் பட்டு அழிந்துபோயிருக்கும். அப்போது அளவைக் கண்டறிய, இரு தாடைகளுக்கு இடையே வைத்து நுணுக்கமாக அளக்கும் வெர்னியர் காலிப்பர் ஒன்று தேவை. எச்.எஸ்.எஸ். பிட்டை அளக்கும்போது, முனைக்கு அருகே சுருளின் இரு விளிம்புகளையும் காலிப்பரின் தாடைகள் தொடும்படி வைத்து அளக்க வேண்டும். பிட்டின் உடல் முனையிலிருந்து தண்டை நோக்கிப் போகப் போக மிக நுண்ணிய அளவில் மெலிந்துகொண்டே போவதால், மேலே அளந்தால் சரியான அளவு கிடைக்காது. சுவர்ப் பிட்டில் கார்பைடு தகட்டின் அகலமே அளவு. அதன் தண்டு பல சமயம் வேறு தடிமனில் இருக்கும் என்பதால், தண்டை அளந்து ஏமாற வேண்டாம்.

நம் ஊர் ஹார்டுவேர் கடைகளில் இன்னும் நூல் கணக்கு வழங்குகிறது. ஓர் அங்குலத்துக்கு எட்டு நூல். மில்லிமீட்டரில் சொன்னால் ஒரு நூல் 3.18, ஒன்றரை நூல் 4.76, இரண்டு நூல் 6.35, இரண்டரை நூல் 7.94, மூன்று நூல் 9.53, நான்கு நூல் 12.7. உங்கள் குவியலில் 6.35 என்று அளவு காட்டும் பிட் தேய்ந்துபோன 6.5 அல்ல, அது முறையான இரண்டு நூல் பிட்தான். நூல் அளவில் வந்தவற்றை மில்லிமீட்டர் வரிசைக்கு நடுவே செருகாமல், தனியாக ஒரு வரிசை கொடுத்துவிடுங்கள். மரவேலை செய்யும் ஆசாரியோ பழைய இரும்புக்கடைக்காரரோ போல்ட்டின் அளவை நூலில் சொல்லும்போது, மனக்கணக்குப் போடாமல் கை நேரே அந்த வரிசைக்குப் போகும்.

அளந்துகொண்டிருக்கும்போதே கழிவுகளையும் எடுத்துவிடலாம். கண்ணாடித் துண்டின்மீது பிட்டை உருட்டினால், வளைந்த பிட்டின் முனை எழும்பி எழும்பி ஆடும், அது குப்பைக்கு. கார்பைடு தகடு உடைந்த சுவர்ப் பிட்டும் குப்பைக்கு. முனை மழுங்கிய எச்.எஸ்.எஸ். பிட்டைச் சாணைக்கல்லில் தீட்டலாம் என்பதால், அவற்றை மட்டும் ஒரு சிறு டப்பாவில் போட்டு "தீட்ட வேண்டியவை" என்று எழுதி வையுங்கள். மழுங்கிய பிட்டை நல்ல பிட்டுகளோடு சேர்த்து வைப்பது கூடவே கூடாது.

கட்டை செய்தல்

பிட்டுகளை நிற்க வைப்பதற்கு மரக்கட்டையைவிடச் சிறந்தது எதையும் நான் பார்த்ததில்லை. கடையில் வரும் பிளாஸ்டிக் பெட்டிகளின் கீல் ஓராண்டுக்குள் உடைந்துவிடுகிறது; திறக்கும் ஒவ்வொரு தடவையும் பாதிப் பிட்டுகள் கீழே விழுகின்றன. மரக்கடையிலோ ஆசாரியின் பட்டறையிலோ நிலைச்சட்டத்தில் அறுத்து மிஞ்சிய துண்டு மலிவாகக் கிடைக்கும். தேக்கோ வேங்கையோ வேம்போ எதுவானாலும், நன்றாகக் காய்ந்த மரமாக இருக்க வேண்டும். மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகை வேண்டாம், மழைக்காலத்து ஈரத்தில் ஊதிவிடும். 30 செ.மீ. நீளம், 7 செ.மீ. அகலம், 5 செ.மீ. உயரம் உள்ள ஒரு துண்டில் இருபது பிட்டுகள் இரண்டு வரிசையாக நிற்கும். ஒவ்வொரு வகைக்கும் ஒரு கட்டை என்று வைத்துக்கொண்டால், சுவர் வேலைக்குப் போகும்போது சுவர்க் கட்டையை மட்டும் தூக்கிக்கொண்டு போகலாம்.

குழியின் ஆழம் எவ்வளவு என்று பலரும் குழம்புகிறார்கள். வழக்கமான நீளமுள்ள 3 மி.மீ. எச்.எஸ்.எஸ். பிட்டின் மொத்த நீளம் 61 மி.மீ.; அதில் சுருள் 33, தண்டு 28. 6 மி.மீ. பிட்டின் நீளம் 93. சுருள் 57, தண்டு 36. 10 மி.மீ. பிட் 133 நீளம். சுருள் 87, தண்டு 46. தண்டு கீழே, முனை மேலே என்று நிறுத்தினால், சிறியவற்றுக்கு 25 மி.மீ. ஆழமும் பெரியவற்றுக்கு 35 மி.மீ. ஆழமும் போதும், சுருள் முழுவதும் வெளியே தெரியும், பிட்டும் சாயாது. முனையைக் கீழே வைத்தால் முனைக்குப் பாதுகாப்பு என்பது உண்மையே. ஆனால் எது சுவருக்குரியது, எது மழுங்கியது என்பதைக் காட்டுவதே முனைதான். அதை மறைத்து வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. வீட்டில் சிறு பிள்ளைகள் இருந்தால் மட்டும், கட்டையை மூடியுள்ள பெட்டிக்குள் வைத்துவிடுங்கள்.

குழியின் விட்டம் பிட்டின் தண்டைவிட அரை மில்லிமீட்டர் அதிகமாக இருக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மரம் ஈரம் குடித்து உப்பும். தண்டின் அளவிலேயே போட்ட குழி அப்போது பிட்டைக் கவ்விக்கொள்ளும், வெளியே இழுக்க வராது. 1 முதல் 10 மி.மீ. வரை அரை மில்லிமீட்டர் படிகளில் வரும் 19 பிட் செட் உங்களிடம் இருந்தால், இதில் ஒரு வசதி இருக்கிறது: ஒவ்வொரு பிட்டின் குழியையும் அதற்கு அடுத்த அண்ணனைக் கொண்டே போடலாம். 6 மி.மீ. பிட்டின் குழியை 6.5 மி.மீ. பிட் போடும், 6.5 மி.மீ. பிட்டின் குழியை 7 மி.மீ. பிட் போடும். வரிசையில் கடைசியாக நிற்கும் பெரிய பிட்டுக்கு மட்டும் அதே பிட்டால் குழி போட்டு, உள்ளே லேசாகச் சுழற்றி அகலப்படுத்த வேண்டியிருக்கும்.

மற்ற தண்டுகளுக்குக் கணக்கு வேறு. கால் அங்குல அறுகோணத் தண்டு, எதிரெதிர் பக்கங்களுக்கு இடையே 6.35 மி.மீ. என்றாலும், மூலைக்கு மூலை 7.3 மி.மீ. இருக்கும், அதற்கு 8 மி.மீ. குழி வேண்டும். எஸ்.டி.எஸ். பிளஸ் தண்டுக்கு 11 மி.மீ. குழி. சாதாரண சுவர்ப் பிட்டுகளுக்கு ஒவ்வொன்றின் தண்டையும் தனித்தனியே அளந்து குழி போட வேண்டும். ஆனால் குழிக்கு அருகே எழுத வேண்டியது முனையின் அளவையே. இதை நான் முதல் தடவை மாற்றிச் செய்துவிட்டேன். என் சுவர்க் கட்டையின் பின்பக்கத்தில் அந்தப் பிழையின் நினைவாகப் பயனற்ற ஏழு குழிகள் இன்றும் இருக்கின்றன.

ஆழம் எல்லாவற்றுக்கும் ஒரேபோல் வர, பிட்டின் முனையிலிருந்து 25 மி.மீ. உயரத்தில் இன்சுலேஷன் டேப்பை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு, டேப் மரத்தைத் தொட்டதும் நிறுத்துங்கள். குழி போடுவதற்கு முன் பென்சிலால் கோடு கிழித்து, புள்ளி வைத்து, ஒரு ஆணியால் சிறு தடம் பதித்துக்கொண்டால் பிட் வழுக்காது. சிறிய பிட்டுகளுக்கு இடையே 12 மி.மீ., 6 மி.மீ.க்கு மேற்பட்டவற்றுக்கு இடையே 20 மி.மீ. என்று இடைவெளி விட்டால் விரல்கள் தாராளமாக நுழையும். சிறியவை முன்வரிசையிலும் உயரமானவை பின்வரிசையிலும் நிற்கட்டும்; மாற்றி வைத்தால் சிறியதை எடுக்கும் ஒவ்வொரு முறையும் பெரியதன் முனை புறங்கையைக் கீறும்.

2 மி.மீ.க்குக் குறைந்தவற்றைக் கட்டையில் நிறுத்த வேண்டாம். 1 மி.மீ. பிட்டின் மொத்த நீளமே 34 மி.மீ.தான், கை பட்டாலே உடையும். அவற்றை மூடியுள்ள சிறு மாத்திரைக் குப்பிகளில் அளவு வாரியாகப் போட்டு வைப்பதே நல்லது. இவை உடையப் பிறந்தவை என்பதால் எப்போதும் ஐந்தாறு சேர்த்து வாங்குங்கள்.

அளவைக் காகிதத்தில் எழுதி ஒட்டினால் நம் ஊர் வெயிலுக்குச் செலோடேப் காய்ந்து உதிர்ந்துவிடும். மரத்திலேயே மார்க்கரால் எழுதி, மை நன்றாகக் காய்ந்த பிறகு அதன்மேல் வார்னிஷ் ஒரு கை பூசிவிடுங்கள். கட்டையின் முகப்பில் சுவர், இரும்பு, மரம் என்று பெரிதாக எழுத வேண்டும். பிட்டிலும் அடையாளம் வேண்டுமென்றால், தண்டின் அடிப்பக்க வட்டத்தில் நகப்பூச்சால் ஒரு பொட்டு வைக்கலாம்: சுவருக்குச் சிவப்பு, மரத்துக்குப் பச்சை என்பது போல. தண்டின் பக்கவாட்டில் பூசினால் சக் அதைச் சுரண்டிவிடும், பிடியும் நழுவும்.

சுவர்க் கட்டையின் ஓரத்தில் திருகாணியைச் சுவரில் பிடிக்கவைக்கும் 6, 8, 10 மி.மீ. பிளக்குகளுக்கு மூன்று குப்பிகளை ஒட்டவைத்தால் ஏணிமேல் ஏறிய பிறகு இறங்க வேண்டியிராது. துளைக்குள் மரை வெட்டும் டேப் என்னும் கருவி வைத்திருப்பவர்கள், அதற்குரிய பிட்டை டேப்போடு சேர்த்தே வைக்க வேண்டும்: எம்4 (4 மி.மீ. மரை) டேப்புக்கு 3.3 மி.மீ., எம்5க்கு 4.2, எம்6க்கு 5, எம்8க்கு 6.8 மி.மீ. பிட். இவற்றில் 3.3, 4.2, 6.8 ஆகியவை அரை மில்லிமீட்டர் செட்டுகளில் வராதவை. தொலைந்தால் அருகில் கிடைப்பதும் கடினம்.

கட்டையில் அடங்காதவை

160 மி.மீ., 260 மி.மீ. நீளமுள்ள எஸ்.டி.எஸ். பிட்டுகளைக் கட்டையில் நிறுத்தினால் கட்டையே கவிழும். ஒரு அங்குல பி.வி.சி. குழாயைப் பிட்டைவிடச் சற்று நீளமாக வெட்டி, இரு பக்கமும் எண்ட் கேப் போட்டு, அதில் இரண்டு மூன்று பிட்டுகளை வைக்கலாம். இந்தப் பிட்டுகளின் தண்டில் கிரீஸ் தடவிப் பயன்படுத்துவதால், தனியே வைப்பது மற்ற பிட்டுகளுக்கும் நல்லது. வட்டமாக அறுக்கும் ஹோல் சாக்களைப் பெரியதற்குள் சிறியதாக அடுக்கி, நடுத்தண்டையும் அதோடு சேர்த்து ஒரே டப்பாவில் வையுங்கள். நடுத்தண்டு தொலைந்தால் மொத்தச் செட்டும் வீண். மரத்துக்கான தட்டைப் பிட்டுகளுக்குத் துணியில் தைத்த அறைகள் கொண்ட சுருட்டுப் பை போதும்.

சுவரில் காந்தப் பட்டை ஒட்டி அதில் பிட்டுகளைப் பிடிக்க வைப்பது பார்ப்பதற்குக் கவர்ச்சியானது. ஆனால் பிட்டுகளும் நாளடைவில் காந்தமேறி, இரும்பில் துளை போடும்போது வரும் தூளையெல்லாம் முனையில் அப்பிக்கொள்ளும். இரும்பு பிட்டுகளுக்கு அது வேண்டாம்.

துரு

காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 60 சதவீதத்தைத் தாண்டும்போது இரும்பு துருப்பிடிக்கும் வேகம் கூடுகிறது. கடலோர ஊர்களில் ஆண்டின் பெரும்பகுதி அதற்கும் மேலேதான் இருக்கும். போதாததற்கு உப்புக் காற்று வேறு. ஆகவே கடலோரத்தில் இருப்பவர்கள் கட்டைகளைத் திறந்த அலமாரியில் வைக்காமல், இறுக மூடும் பிளாஸ்டிக் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைப்பது நல்லது. நீல மணிகள் இளஞ்சிவப்பாக மாறினால் ஈரம் நிறைந்துவிட்டது என்று பொருள். சுமார் 120 டிகிரி செல்சியஸில் இரண்டு மணி நேரம் சூடேற்றினால் மறுபடி நீலமாகும். அந்த நீல நிறத்துக்கு உரிய கோபால்ட் உப்பு நச்சுத்தன்மை உடையது என்பதால், சமையலுக்குப் புழங்கும் பாத்திரத்திலோ அவனிலோ அதைச் சூடேற்றக் கூடாது. அரிசியைப் போட்டு வைக்கும் வழக்கத்தால் பட்டறைக்குப் பூச்சி வருவதைத் தவிர வேறு பெரிய பயனை நான் காணவில்லை.

துருப்பிடிக்காமல் இருக்கப் பிட்டுகளுக்கு எண்ணெயும் தடவலாம். எண்ணெய் என்றால் தையல் மெஷின் எண்ணெய் போன்ற மெல்லிய மெஷின் எண்ணெய். ஒரு துணியில் நாலு சொட்டு விட்டு, அந்தத் துணியால் பிட்டைத் துடைத்தால் போதும். சமையல் எண்ணெய்கள் நாள்பட்டுப் பிசுபிசுத்துத் தூசியைப் பிடித்துவைக்கும். எண்ணெய் போட்ட பிட்டை மெஷினில் மாட்டும் முன் தண்டை உலர்ந்த துணியால் துடைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் சக்கில் வழுக்கும்.

ஈரத்தைவிடக் கொடிய ஒரு பகை நம் வீடுகளில் இருக்கிறது. குளியலறை கழுவும் ஆசிட் பாட்டிலைப் பட்டறை அலமாரியின் கீழ்த்தட்டில் வைக்கும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். மூடி இறுக மூடியிருப்பதாகத் தோன்றினாலும் ஆவி கசியும். என் அறையில் ஒரு மழைக்காலத்தில் புத்தம்புதிய செட் முழுவதும் மூன்றே வாரத்தில் செம்மண் நிறமானதற்கு மழையைத்தான் முதலில் திட்டினேன். பாட்டிலைக் கவனித்தது பிறகு. பிளீச்சிங் பவுடரும் அப்படிப்பட்டதே. குப்பிகளை ஒட்டுவதற்குச் சிலிக்கோன் பயன்படுத்துவதாக இருந்தால், வினிகர் வாடை அடிக்கும் வகை உலரும்போது அசிட்டிக் அமிலத்தை வெளிவிடும் என்பதை நினைவில் கொண்டு, வாடை முற்றிலும் நீங்கும்வரை பெட்டியைத் திறந்தே வைத்திருங்கள்.

பெட்டி வைக்கும் இடம் மார்பு உயரத்தில் இருக்கட்டும். வெளிச்சம் முன்னாலிருந்து விழ வேண்டும். தரையில் எதையும் வைக்காதீர்கள். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு சென்னையில் கீழ்த்தளத்தில் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

எடுத்ததைத் திரும்ப வைத்தல்

வேலை முடிந்ததும் பிட் சூடாக இருக்கும். அதைத் தண்ணீரில் முக்கக் கூடாது; கார்பைடு தகடு வெடிப்பு விடும். மேசைமேல் ஆறவிட்டு, பிரஷால் தூசி தட்டி, எண்ணெய்த் துணியால் துடைத்து, அதன் குழியில் நிறுத்த வேண்டும். சிமெண்டுத் தூசி ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் என்பதால், சுவர்ப் பிட்டுக்கு இந்தத் துடைப்பு இன்னும் அவசியம். ஒரே வேலைக்கு நான்கைந்து பிட்டுகளை எடுக்க நேர்ந்தால், அவற்றை ஒரு எவர்சில்வர் தட்டில் வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். தட்டு காலியாகும்வரை வேலை முடியவில்லை என்று கொள்ளுங்கள். மெஷினை உறைக்குள் வைக்கும் முன் சக்கைக் கட்டாயம் பாருங்கள். காணாமற்போன பிட்டுகளில் பாதி அங்கேதான் இருக்கும்.

பக்கத்து வீட்டுக்காரர் வந்து 6 மி.மீ. பிட்டைக் கேட்பார், கொடுக்காமல் இருக்க முடியாது. கொடுத்த உடனே ஒரு சிறு காகிதத்தில் அவர் பெயரையும் தேதியையும் எழுதிச் சுருட்டி, அந்தக் காலிக் குழியில் செருகிவிடுங்கள். உடைந்த பிட்டுக்கும் இதே முறைதான்: "வாங்க வேண்டும்" என்று எழுதிய சுருள் அந்தக் குழியில் நிற்கும். ஹார்டுவேர் கடைக்குப் புறப்படும்போது கட்டையில் நிற்கும் சுருள்களை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டால், அதுவே வாங்க வேண்டியவற்றின் பட்டியல். பக்கத்து வீட்டுக்காரர் பெயருள்ள சுருளை மட்டும் குழியிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.